மண் கலந்தாள்

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை. காலை 5.50க்கு எழுந்தேன். மனைவியைப் பக்கவாட்டில் புரட்டி, முதுகில் சிவந்த இடம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. 6.05க்கு உடம்பைத் துடைத்து உடை மாற்றினேன். 6.20க்கு ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துக்கொண்டேன். 6.40க்கு அரிசியைக் கழுவி, முதல் கழுவல் நீரைப் பச்சைப் பிளாஸ்டிக் குவளையில் பிடித்து வைத்தேன். 7.00க்கு அவளைத் தள்ளுநாற்காலியில் உட்காரவைத்துக் கூடத்து ஜன்னலோரம் விட்டேன். 7.10க்குப் பச்சைக் குவளையை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன்.

ஏழு நாற்றுகளும் சாய்ந்து கிடந்தன.

முந்தைய நாள் மாலை அவை நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு விதையிலைகள். இப்போது தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக மெலிந்து, ஏழும் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. ஒன்றைத் தொட்டேன். அது விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. குனிந்தபோது சிறு கறுப்புப் பூச்சிகள் மூன்று நான்கு முகத்தில் மோதின.

குவளையை அப்படியே சமையல் மேடையில் வைத்துவிட்டு, டைரியில் எழுதினேன்: ‘மூன்றாம் தடவை. ஏழில் ஏழு. மீதி விதை ஆறு.’ அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நான் மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பதிவுகளைப் பார்க்கிறவன். வயது ஐம்பத்தாறு. ஒரு தொகுதியில் ஓட்டை விழுந்த கையுறைகள் எத்தனை, அப்போது எந்த இயந்திரம் ஓடியது, வெப்பம் எவ்வளவு என்று நாள் முழுவதும் எழுதுவது என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. இருபத்தாறு டைரிகள் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. காருக்கு எப்போது காற்றடித்தேன், கூரை எந்த மழையில் ஒழுகியது, கிள்ளானில் எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை, எல்லாம் இருக்கும்.

ஏப்ரல் 3, புதன்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி கொடியைப் பிடித்தபடி சரிந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. எதைக் கேட்டாலும் ‘ஆமா’ என்பாள். பசிக்கிறதா? ஆமா. பசிக்கவில்லையா? ஆமா. மூளையில் அந்த ஒரு சொல்தான் உடையாமல் மிஞ்சியிருக்கிறது என்றார் டாக்டர். நாம் பேசுவது பெரும்பாலும் அவளுக்குப் புரியும் என்றும் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். திரும்பி வந்தபோது பின்பக்கத்துத் தொட்டிகளில் எல்லாம் காய்ந்துபோயிருந்தன. அவளுடைய மிளகாயும் போய்விட்டது. குட்டையாக, தடித்து, பிஞ்சில் ஊதாவாகவும் பழுத்தால் கருஞ்சிவப்பாகவும் இருக்கும் மிளகாய் அது. ஒவ்வொரு வருடமும் அவளே விதை எடுத்து, அவளே நாற்று விட்டு, தயிர் டப்பாக்களில் வைத்து எங்கள் குடியிருப்பில், தாமானில், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். நான்கு வீடுகளில் போய்க் கேட்டுப் பார்த்தேன். இரண்டு வீட்டில் வாசலுக்குச் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் செடி செத்துப்போயிற்று. நான்காவது வீட்டு அம்மாள், “நல்ல காரம் அங்கிள், அக்கா எப்படி இருக்காங்க?” என்று கேட்டு அழுதுவிட்டார். செடி இல்லை.

மிஞ்சியது ஒரு பழுப்பு நிற வைட்டமின் பாட்டில். அதற்குள் முப்பத்தோரு விதைகள்.

வீட்டுக்கு வந்த பிறகு மனைவி எதையும் செய்ய மறுத்தாள். வாரம் ஒருமுறை பயிற்சி கொடுக்க வரும் பெண், நன்றாக இருந்த இடது கையில் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்வாள். இவள் விரலைக்கூட மடக்க மாட்டாள். பந்து உருண்டு சோபாவுக்கு அடியில் போகும். கரண்டியைக் கொடுத்தாலும் அதே கதைதான். முதல் ஆறு மாதம் முக்கியம் அங்கிள், இப்ப விட்டுட்டா அப்புறம் ரொம்ப கஷ்டம் என்று அந்தப் பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள். “அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது என்ன? அதக் காட்டுங்க.”

மனைவிக்கு ரொம்பப் பிடித்தது என்ன என்று யோசித்தபடி அலமாரியைத் திறந்தபோது அந்தப் பாட்டில் கையில் தட்டி, உள்ளே விதைகள் குலுங்கின. ஜன்னலோரம் இருந்தவள் தலையைத் திருப்பினாள். என்னைப் பார்க்கவில்லை. பின்கதவைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் கேட்காமலே, “ஆமா” என்றாள்.

அது ஜூலை 2. அன்றுமுதல் எனக்கு வேறு எந்த யோசனையும் இல்லை. அந்த மிளகாய் முளைத்தால் இவள் கையை அசைப்பாள். நம்புவதற்கு என்னிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

எதில் விதைப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். அவள் ஏதோ ஒரு கலவை செய்வாள் என்று தெரியும். தகரத் தொட்டியில் கையை விட்டுக் கிளறுவாள். என்ன கலவை? இருபத்தாறு டைரிகளையும் இறக்கி நான்கு நாள் புரட்டினேன். நாற்பத்தொரு இடத்தில் அவள் விதைத்ததை எழுதியிருக்கிறேன். நாற்பத்தொன்றிலும் அதே இரண்டு சொற்கள்: ‘மண் கலந்தாள்.’ கார் எஞ்சின் எண்ணெயின் தடிமன் வரை எழுதியவன், என் மனைவி கையில் எடுத்தது என்ன என்று ஒரு தடவைகூட எழுதவில்லை.

ஒன்றே ஒன்று கிடைத்தது. 2011இல் ஆரம்பித்துப் பல இடங்களில்: ‘அரிசி கழுவிய முதல் நீர் செடிகளுக்கு.’ காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் பச்சைக் குவளையோடு போவதைப் பார்த்து எழுதியது. இந்த ஒன்றாவது உறுதி என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவளிடமும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“தேங்காய் நார்த்தூளா போட்ட?”

“ஆமா.”

“எரிச்ச மண்ணா?”

“ஆமா.”

“சாணி எருவா? மணலா? ரெண்டும் இல்லையா?”

“ஆமா. ஆமா.” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யார் கண்ணில் முதலில் வந்தது என்று நான் எழுதிவைக்கவில்லை.

முதல் தடவை தேங்காய் நார்த்தூள் வாங்கினேன். செங்கல் போல அழுத்திய கட்டி. தண்ணீர் விட்டால் வாளி நிறையப் பொங்கும். ஒன்பது விதை போட்டேன். தினமும் காலை 7.10க்குப் பச்சைக் குவளையிலிருந்து தேக்கரண்டியால் ஊற்றினேன். பதினெட்டு நாள் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. கிளறிப் பார்த்தால் விதை இருந்த இடத்தில் கொழகொழப்புத்தான் இருந்தது. நார்த்தூளில் உப்பு இருக்கும் என்று எங்கேயோ படித்து, அதன்மேல் பழியைப் போட்டேன்.

இரண்டாம் தடவை தோட்ட மண்ணும் மணலும் சாண எருவும். மண்ணில் கிருமி இருக்கும் என்பதால் இட்லிச் சட்டியில் முப்பது நிமிடம் வேகவைத்து ஆறவைத்தேன். பூச்சோங்கிலிருந்து வந்திருந்த மகள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “அப்பா, இதுல இனிமே யாரு இட்லி திம்பா?” என்றாள். சிரித்துக்கொண்டே கேட்டாலும் அவள் முகத்தில் பயம் இருந்தது. எட்டு விதையில் மூன்று முளைத்தன. நான்காம் நாள் மூன்றும் சாய்ந்தன.

அதன் பிறகு ஜெஞ்சாரோமில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டு, மகளை மனைவியோடு இருக்கச் சொல்லிவிட்டு, செத்த நாற்றுகளை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். தேதி போட்ட குறிப்புகளையும் நீட்டினேன். அவர் அதைப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

“இட்லிச் சட்டில வேகவச்சீங்களா?”

“முப்பது நிமிஷம்.”

“சட்னி, சாம்பார்?” என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “கோச்சுக்காதீங்க அங்கிள். இது நாத்தழுகல். வெதைக்குச் சாப்பாடு வேணாம். சாணி, எரு எல்லாம் அப்புறம். மொத மொத அதுக்கு மெத்துன்னு ஒரு படுக்கை போதும். ஈரம் இருக்கணும், தண்ணி நிக்கக் கூடாது. இந்தப் பீட் மாஸ், மக்குன பாசித்தூளு, எடுத்துட்டுப் போங்க. எரிச்ச மண்ணும் எரிச்ச உமியும் கொஞ்சம் தரேன், வச்சிருங்க.”

பைகளைக் காரில் ஏற்றும்போது கேட்டார். “தண்ணி என்ன தண்ணி ஊத்துறீங்க?”

“வீட்டுத் தண்ணிதான்” என்றேன்.

பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் தடவை பீட் மாஸ். கறுத்து, நைசாக, மழைக்காட்டு இலைச்சருகு போல மணத்தது. எட்டு விதையில் ஏழு முளைத்தன. அந்த நாட்களில் நான் நாற்றுத் தட்டை எடுத்துவந்து மனைவியின் கண்ணெதிரே காட்டுவேன். அவள் உற்றுப் பார்ப்பாள். புருவம் சுருங்கும். கையை மட்டும் எடுக்க மாட்டாள். இரண்டு நிஜ இலை வரட்டும், அப்போது எடுப்பாள் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன்.

அந்த ஏழும்தான் வியாழக்கிழமை காலை சாய்ந்து கிடந்தன.

11.00க்கு மகள் வந்தாள். என் சம்பளமில்லா விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கள் மலேசியா தினம். செவ்வாய் நான் வேலையில் இருக்க வேண்டும். பூச்சோங்கில், அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அம்மாவுக்கு அவள் இடம் பார்த்துவைத்திருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய தாளை மேசைமேல் வைத்தாள். நான் தட்டை அவள் முன்னால் வைத்தேன்.

“இன்னும் ஆறு வெதை இருக்கு. பத்து நாள் குடு.”

“அப்பா, பத்து நாள்ல மொளச்சா? அம்மா எழுந்து நடப்பாங்களா?”

“கைய அசைப்பா.”

“யாரு சொன்னா? டாக்டரா, மொளகாயா?” சொன்னவுடனே அவளுக்கே தாங்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “செவ்வாய்க்கெழம காலைல நீங்க மேருவுக்குப் போயிட்டா யாரு தூக்குவா? யாரு கழுவுவா? என்னால இன்னொரு லீவு கேக்க முடியாதுப்பா. புரிஞ்சுக்கங்க லா.”

ஜன்னலோரத்திலிருந்து “ஆமா” என்று குரல் வந்தது. நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். அவள் மகளுக்குச் சொன்னாளா, எனக்குச் சொன்னாளா, எங்கள் சத்தம் பொறுக்காமல் சொன்னாளா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாகத்தான் எழுதியது. என் கையெழுத்தைத்தான் அடையாளம் தெரியவில்லை. மகள் அம்மாவின் தலையை வாரிப் பின்னிவிட்டு, 12.30க்குப் போய்விட்டாள்.

மதியம் மனைவிக்குக் கஞ்சி கொடுத்தேன். நான்கு வாய் வாங்கிக்கொண்டு உதட்டை மூடிவிட்டாள். 2.15க்குப் பாத்திரம் கழுவி முடித்தேன். அதற்குப் பின் செய்ததை எந்தத் திட்டமும் இல்லாமல்தான் செய்தேன். நான்கு கிண்ணங்களில் நான்கையும் எடுத்தேன்: நார்த்தூள், எரித்த மண், பீட் மாஸ், எரித்த உமி. அவள் நாற்காலியின் முன்னால் சாப்பாட்டுக்காக மாட்டும் பலகைமேல் வரிசையாக வைத்தேன். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தெம்பு இல்லை. எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன், பார்த்தேன், 2.40.

இடது கை நகர்ந்தது. மடியிலிருந்து ஏறிப் பலகையில் விழுந்தது. முதல் கிண்ணத்தைத் தள்ளியது. நார்த்தூள் என் காலில் கொட்டியது. பிறகு கை உமிக்குப் போனது. கறுத்த உமியை ஒரு பிடி எடுத்துப் பலகையில் போட்டாள். இன்னொரு பிடி. பிறகு எரித்த மண், பாதிப் பிடி. பீட் மாஸை மோந்து பார்த்தாள், அப்படியே வைத்துவிட்டாள். அப்புறம் குனிந்து, என் காலருகே கொட்டிக் கிடந்த நார்த்தூளைக் காட்டினாள். அள்ளிக் கொடுத்தேன். அதிலும் ஒரு பிடி சேர்த்துக்கொண்டாள். தள்ளியது வேண்டாம் என்பதற்காக அல்ல, கிண்ணம் வழியில் இருந்ததால் என்று அப்போதுதான் புரிந்தது. விரல்களால் கிளறினாள். பயிற்சிப் பெண் மாதக்கணக்கில் கெஞ்சிய அதே விரல்கள்.

கலவை காய்ந்திருந்தது. நனைக்க வேண்டும். எழுந்து போய், காலையில் சமையல் மேடையில் விட்டிருந்த பச்சைக் குவளையை எடுத்துவந்து சாய்க்கப் போனேன்.

அவள் அதைத் தட்டிவிட்டாள்.

குவளை சுவரோரம் உருண்டது. கூடத்துத் தரையெல்லாம் புளித்த வாடையோடு வெள்ளை நீர். கை தவறிவிட்டது என்று நினைத்தேன். குவளையின் அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதை மறுபடி நீட்டினேன். மறுபடி தள்ளினாள். “ஆமா!” என்றாள். அவளிடம் இருக்கும் ஒரே சொல்லால் என்னைத் திட்டினாள். “ஆமா! ஆமா!” முகம் சிவந்துவிட்டது. திருமணமாகி முப்பத்தோரு வருடத்தில் அவள் என்னை அப்படித் திட்டியதில்லை.

ஒரு டம்ளரில் வெறும் தண்ணீர் கொண்டுவந்தேன். அதில் விரலை நனைத்து, கலவைமேல் தெளித்தாள். தெளித்துப் பிசைந்தாள். ஒரு பிடி எடுத்து இறுக்கி, உள்ளங்கையைத் திறந்தாள். உருண்டையாக நின்றது. கட்டைவிரலால் தொட்டாள், உதிர்ந்தது. ஒரு சொட்டு நீரும் கசியவில்லை. என்னைப் பார்த்தாள், பார்த்தாயா என்பது போல.

தரையைத் துடைக்கத் துணி எடுத்தேன். குனிந்தவன் எழவில்லை. அரிசி கழுவிய நீரை அவள் ஊற்றியது வாசலில் வளர்ந்து நிற்கும் கறிவேப்பிலைக்கும் கொய்யாவுக்கும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் பார்த்தது வாசலை மட்டும்தான். பின்பக்கம் அவள் நாற்றுக்கு என்ன தெளிக்கிறாள் என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்காமல், ‘செடிகளுக்கு’ என்று எழுதி வைத்தேன். பிறகு என் எழுத்தை நானே நம்பி, தினமும் காலை 7.10க்கு ஒரு நிமிடமும் தவறாமல், முளைக்கப் பார்த்த ஒவ்வொன்றின் தலையிலும் மாவுத் தண்ணீரை ஊற்றி அழுகவைத்திருக்கிறேன். தடவைக்குத் தடவை மண்ணைக் குற்றம் சொல்லி மாற்றினேன். குவளையை மாற்றத் தோன்றவில்லை. நான் காட்டிய தட்டைப் பார்த்து அவள் ஏன் புருவத்தைச் சுருக்கினாள் என்பதும் அந்தத் துணியோடு குனிந்திருந்தபோதுதான் தெரிந்தது. அவள் மண்ணின்மேல் படர்ந்த பூஞ்சையைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறாள். சொல்ல அவளிடம் ‘ஆமா’ மட்டும்தான் இருந்தது.

3.30க்குக் கலவையைத் தட்டில் நிரப்பினோம். மூன்று விதையை இப்போது போட்டு, மூன்றைப் பத்திரமாக வைக்கலாம் என்று சொன்னேன். பாட்டிலைத் திறந்து அவள் உள்ளங்கையில் சாய்த்தேன். ஆறும் விழுந்தன. மூன்றை எடுக்கப் போனேன். அவள் கையை மூடிக்கொண்டாள். பிறகு தட்டின்மேல் கையைக் கொண்டுபோய், ஒவ்வொன்றாக, ஆறையும் போட்டாள். நான் மேலே கலவை தூவினேன். கொஞ்சம் அதிகமாகத் தூவிவிட்டேன் போலிருக்கிறது. விரலால் பாதியை ஒதுக்கினாள்.

பாட்டில் காலி. இவை போனால் அவ்வளவுதான். கைவசம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று பாட்டிலை இன்னொரு தடவை கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

6.00க்கு மகளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். லைனில் இருக்கிறாளா என்று இரண்டு தடவை கேட்டேன்.

“இருக்கேன்ப்பா.”

“செவ்வாய்க்கெழம தட்டும் அவளோட போகணும்.”

“அங்க செடியெல்லாம் உள்ள விடுவாங்களான்னு தெரியலையேப்பா.”

“செடி இல்லம்மா. இன்னும் வெறும் மண்ணுதான். வெறும் மண்ணுன்னு சொல்லு.”

“ஜன்னல் பக்கம் பெட் இருக்கான்னு கேக்கறேன்” என்றாள். “கையால பெசஞ்சாங்களாப்பா? அவங்களேவா?”

“அவளேதான்.”

மகள் அழுதாள். நான் போனை மனைவியின் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் என்ன கேட்டாளோ, இவள் “ஆமா” என்றாள்.

அன்றைய டைரியில் கலவையின் அளவை எழுதினேன். உமி இரண்டு பிடி, நார்த்தூள் ஒரு பிடி, எரித்த மண் அரைப் பிடி. அவள் பிடி, என் பிடி அல்ல என்று பக்கத்தில் குறித்தேன். வெறும் தண்ணீர் என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

மறுநாள், 13ஆம் தேதி, 5.50க்கு எழுந்தேன். ரத்த அழுத்தக் கருவியை எடுக்கவில்லை, அரிசி டப்பாவையும் திறக்கவில்லை. முதலில் அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய், தட்டை அவள் மடியில் வைத்து, தண்ணீர் டம்ளரை இடது கைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.